பயத்திலும் சந்தேகத்திலும் தேவனை நம்புவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேடையில் சாட்சியாகச் சொல்லப்படாத கேள்விகள் இவை. ஜெபக்கூட்டம் முடிந்து மற்றவர்கள் கிளம்பிய பிறகு, அல்லது மருத்துவமனை வராந்தாவில், தாழ்ந்த குரலில் கேட்கப்படுகிறவை. சபையில் வேதபாடம் நடத்துகிறவன் என்ற முறையில் என்னால் இயன்ற பதில்களை எழுதுகிறேன். வசனங்கள் நம் வீடுகளில் பழகிய பழைய மொழிபெயர்ப்பில் உள்ளவை. கத்தோலிக்க வாசகர்களின் விவிலியத்தில் சொற்கள் சற்று மாறியிருக்கும்.

எனக்குள் சந்தேகம் வந்துவிட்டது. நான் இனியும் விசுவாசிதானா?

ஆம்.

மத்தேயு சுவிசேஷத்தின் கடைசிப் பகுதியைத் திறந்து பாருங்கள். உயிர்த்தெழுந்த இயேசு கலிலேயாவின் மலையொன்றில் பதினொரு சீஷர்கள் முன்னால் நிற்கிறார். "அங்கே அவர்கள் அவரைக் கண்டு, பணிந்துகொண்டார்கள், சிலரோ சந்தேகப்பட்டார்கள்" (28:17). உயிரோடு கண்ணெதிரே நிற்கிறவரைப் பார்த்தும் சிலருக்கு மனம் துணியவில்லை. இயேசு அவர்களைத் தனியே பிரித்து நிறுத்தவில்லை. சகல ஜாதிகளையும் சீஷராக்கும்படி அனுப்பிய அந்தக் கட்டளையைச் சந்தேகப்பட்டவர்களுக்கும் சேர்த்தே கொடுத்தார். அந்த ஒரு வரியை மத்தேயு விட்டிருந்தால் அவருடைய புத்தகம் இன்னும் கம்பீரமாக முடிந்திருக்கும். அவர் விடவில்லை. அதற்காக நான் அவருக்கு நன்றியுள்ளவனாக இருக்கிறேன்.

யோவான் ஸ்நானகனையும் நினைத்துக்கொள்ளுங்கள். "இதோ, உலகத்தின் பாவத்தைச் சுமந்துதீர்க்கிற தேவ ஆட்டுக்குட்டி" என்று இயேசுவை ஊரறியச் சுட்டிக்காட்டியவர் அவர். ஏரோதின் சிறையில் அடைக்கப்பட்ட பிறகு அவரே தம் சீஷர்களை அனுப்பி, "வருகிறவர் நீர்தானா, அல்லது வேறொருவர் வரக்காத்திருக்க வேண்டுமா" என்று கேட்டார் (மத்தேயு 11:3). சவக்கடலுக்குக் கிழக்கே மகேருஸ் கோட்டையில் அவர் காவல் வைக்கப்பட்டிருந்ததாக யூத வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸ் எழுதுகிறார். பாலைவனத்தில் திறந்த வானத்தின் கீழ் வாழ்ந்த மனிதர் ஒரு கோட்டைச் சிறைக்குள் கிடந்து கேட்ட கேள்வி அது. இயேசு அவரைக் கடிந்துகொள்ளவில்லை. குருடர் பார்வையடைகிறார்கள், சப்பாணிகள் நடக்கிறார்கள் என்று தாம் செய்துகொண்டிருந்ததைப் பதிலாகச் சொல்லியனுப்பினார். வந்தவர்கள் திரும்பிப் போனதும் கூட்டத்தைப் பார்த்து, ஸ்திரீகளிடத்தில் பிறந்தவர்களில் யோவானைவிடப் பெரியவன் ஒருவனும் எழும்பினதில்லை என்றார். யோவானுக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு, அவர் சந்தேகத்தோடு ஆள் அனுப்பிய அன்றைக்குக் கிடைத்தது.

அவர் தம் கேள்வியை இயேசுவிடமே அனுப்பினார் என்பதைக் கவனியுங்கள். இந்தப் பக்கம் முழுவதும் நான் சொல்லப்போவது அதைத்தான். சந்தேகம் வருவதை நம்மால் தடுக்க முடியாது. வந்ததை யாரிடம் கொண்டுபோகிறோம் என்பதில்தான் நம்பிக்கை இருக்கிறது.

"சந்தேகப்படுகிறவன் கடலின் அலைக்கு ஒப்பாயிருக்கிறான்" என்று யாக்கோபு எழுதியிருக்கிறாரே?

எழுதியிருக்கிறார் (1:6). அதற்கு முந்தின வசனத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டும். ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடத்தில் கேட்கட்டும், அவர் ஒருவரையும் கடிந்துகொள்ளாதவர் என்கிறது அது. கேட்க வருகிறவர் திட்டு வாங்கமாட்டார் என்ற வாக்கோடுதான் அந்தப் பகுதி தொடங்குகிறது. 8ஆம் வசனத்தில் 'இருமனமுள்ளவன்' வருகிறான். அவன் யார் என்று நான்காம் அதிகாரத்தில் யாக்கோபே விளக்குகிறார்: உலகத்தோடும் சிநேகம், தேவனோடும் உறவு என்று இரண்டையும் வைத்துக்கொள்ளப் பார்க்கிறவன். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். "ஆண்டவரே, நீர் இருக்கிறீரா?" என்று தூக்கமின்றி அழுகிறவரை இந்த வசனத்தால் அடிப்பது தவறு. அவருக்கு இருப்பது ஒரே மனம், அது உடைந்திருக்கிறது.

'பயப்படாதே' என்று வேதத்தில் 365 முறை, நாளுக்கு ஒன்றாக இருக்கிறதாமே? அப்படியானால் பயப்படுவது கீழ்ப்படியாமைதானே?

முதலில் அந்த எண்ணிக்கை. பிரசங்கங்களிலும் வாட்ஸ்அப் வாழ்த்துகளிலும் அது ஓயாமல் வருகிறது. எந்தச் சொல் எந்த வசனத்தில் வருகிறது என்று காட்டும் ஒத்துவாக்கியப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தால் 365 கிடைப்பதில்லை. மிகவும் குறைவாகவே கிடைக்கிறது. வேதத்துக்கு நாம் இப்படி அலங்காரம் சேர்க்க வேண்டியதில்லை.

அடுத்தது, அந்தச் சொல் யாருக்குச் சொல்லப்பட்டது என்பது. மீதியானியருக்குப் பயந்து ஆலையின் அருகே ஒளிந்து கோதுமையைப் போரடித்த கிதியோனுக்கு. சூறாவளியில் பல நாள் சூரியனையோ நட்சத்திரங்களையோ காணாமல் கப்பலில் தவித்த பவுலுக்கு. அதே பவுலுக்குக் கொரிந்து பட்டணத்திலும் இராத்திரியிலே தரிசனத்தில் "நீ பயப்படாமல் பேசு" என்று சொல்லப்பட்டது (அப்போஸ்தலர் 18:9). பின்னாளில் அந்த ஊர்ச் சபைக்கே எழுதும்போது, "பலவீனத்தோடும் பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும்" உங்களிடத்தில் இருந்தேன் என்று அவர் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். நடுங்கிக்கொண்டுதான் ஊழியம் செய்தார். அந்த நடுக்கத்தின் நடுவே ஒரு சபை உண்டானது.

இருட்டில் வீறிட்டு எழுந்த பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அம்மா "பயப்படாதே" என்பாள். அதை அவள் ஒரு சட்டமாகச் சொல்வதில்லை. ஏசாயா 41:10ஐ அந்தக் குரலில் வாசியுங்கள்: "நீ பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன்."

கெத்செமனேயில் இயேசு "திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார்" என்று மாற்கு எழுதுகிறார் (14:33). பாவமில்லாதவரே திகிலடைந்தார் என்றால், திகிலையே பாவக் கணக்கில் எழுதுவதற்கு நாம் யார்?

"உனக்கு விசுவாசம் போதவில்லை, அதனால்தான் குணமாகவில்லை" என்கிறார்கள். உண்மையா?

இந்தக் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்வது எனக்குக் கடினம். ஏற்கெனவே நோயைச் சுமக்கிறவர் தலையில் குற்ற உணர்வையும் ஏற்றிவிட்டுப் போகிறவர்கள், தாங்கள் செய்வது எவ்வளவு கொடியது என்று அறியாமல் செய்கிறார்கள் என்றே நம்ப விரும்புகிறேன்.

வேதத்துக்கு வருவோம். பவுலின் கைகளினாலே தேவன் விசேஷித்த அற்புதங்களைச் செய்தருளினார் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. அதே பவுல், "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்" என்று எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). உடன் ஊழியனைக் குணமாக்க முடியாமல் ஓர் ஊரில் விட்டுவிட்டு அவர் பயணத்தைத் தொடர வேண்டியிருந்தது. துரோப்பீமுவின் விசுவாசத்தைப் பற்றி ஒரு குறைகூட அவர் சொல்லவில்லை. தம் மாம்சத்தில் இருந்த முள்ளுக்காக அவர் மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் எடுக்கப்படவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற வார்த்தை கிடைத்தது.

இயேசு செய்த அற்புதங்களையும் பாருங்கள். நாயீன் ஊர் விதவை எதையும் கேட்கவில்லை, அழுதுகொண்டிருந்தாள். அவளுடைய மகன் எழுந்தான். கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரனுடைய கதையில் இயேசு கண்டது "அவர்கள் விசுவாசத்தை", தூக்கிவந்தவர்களுடையதையும் சேர்த்து. லாசருவிடம் என்ன விசுவாசத்தை அளந்திருக்க முடியும்? அவன் இறந்து நான்கு நாள் ஆகியிருந்தது.

நாசரேத்தில் அவிசுவாசத்தினிமித்தம் அவர் அற்புதங்கள் செய்யக் கூடாமற்போயிற்றே என்று கேட்பார்கள் (மாற்கு 6). அங்கே இருந்தவர்கள் "இவன் தச்சன் அல்லவா" என்று இடறலடைந்தவர்கள். அவரைத் தேடி வந்து உதவி கேட்டு நின்றவரையும் அவர்களையும் ஒரே வரிசையில் நிறுத்தக் கூடாது. உதவி கேட்டு வந்தவர் எப்படி நடத்தப்பட்டார் என்பதற்கு மாற்கு ஒன்பதாம் அதிகாரம் இருக்கிறது. சிறு வயதுமுதல் தீயிலும் தண்ணீரிலும் விழுகிற மகனோடு ஒரு தகப்பன் வருகிறார். சீஷர்களிடம் கேட்டுப் பார்த்தார், அவர்களால் முடியவில்லை. "நீர் ஏதாகிலும் செய்யக்கூடுமானால்" என்று அவர் பேச்சே ஐயத்தோடு வருகிறது. கடைசியில் கண்ணீரோடு சத்தமிட்டு, "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்கிறார். முழு விசுவாசத்தோடு வா என்று இயேசு அவரைத் திருப்பி அனுப்பவில்லை. பையன் அன்றே குணமானான்.

அப்போஸ்தலர் 12ஆம் அதிகாரத்தைச் சபைகளில் பாதியாக வாசிக்கிறோம். பேதுரு சிறையிலிருந்து தூதனால் விடுவிக்கப்பட்ட கதை நமக்குப் பிடிக்கும். அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் யோவானின் சகோதரனாகிய யாக்கோபை ஏரோது பட்டயத்தினால் கொலைசெய்தான். அவருக்காக ஜெபிக்க ஆளில்லாமல் போயிற்றா? பேதுருவுக்காக ஜெபித்தவர்களின் விசுவாசம்தான் அப்படி என்ன பெரியதாக இருந்தது? அவர் வந்து கதவைத் தட்டியபோது, ரோதை என்ற பெண் ஓடிவந்து சொல்ல, "நீ பிதற்றுகிறாய்" என்றார்கள். தங்கள் ஜெபம் கேட்கப்படும் என்று அவர்களே எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் பேதுரு வாசலில் நின்றார்.

எபிரெயர் 11ஆம் அதிகாரத்தில் சிலர் பட்டயக்கருக்குக்குத் தப்பினார்கள். சிலர் பட்டயத்தினால் வெட்டப்பட்டு மரித்தார்கள். இரு தரப்பாரும் விசுவாசத்தினாலே நற்சாட்சி பெற்றவர்கள் என்று அந்த அதிகாரம் முடிகிறது.

நம் மண்ணிலேயே பார்க்கலாம். திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு 'அம்மா'வாக இருந்தவர் ஏமி கார்மைக்கேல். 1931இல் விழுந்து காயப்பட்ட பிறகு, 1951இல் இறக்கும்வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பெரும்பாலும் அறைக்குள்ளேயே வலியோடு இருந்தார். அந்த அறையிலிருந்துதான் அவருடைய புத்தகங்கள் பல வெளிவந்தன. அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்லும் துணிவு யாருக்கு உண்டு?

குணமாகும்படி ஜெபியுங்கள், நானும் ஜெபிக்கிறேன். குணமாகிறவர்களைப் பார்த்துத் தேவனைத் துதிக்கிறேன். குணமாகாதவரிடம் கணக்குக் கேட்காதீர்கள்.

தேவனைத் தேடி வந்தவர்களே ஆலயத்திலும் ஆலயத்துக்குப் பக்கத்திலும் மடிந்தார்களே. அவரை எப்படி நம்புவது?

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்திரிகர்கள் பலர் கடற்கரையில் நின்றபோது சுனாமி வந்தது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்தெழுதல் ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் மூன்றிலும் குண்டுகள் வெடித்தன. மட்டக்களப்பில் இறந்தவர்களில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் இருந்தார்கள்.

ஏன் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் வைத்திருப்பதாகச் சொல்கிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள் என்று மட்டும் சொல்வேன். சுனாமிக்குப் பிறகு, ஆலயம் தப்பியது அற்புதம் என்று மகிழ்ந்து பேசினவர்கள் உண்டு. கரையில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் காதில் அது எப்படி விழுந்திருக்கும்?

இயேசுவிடம் இதே கேள்வி வந்தது. பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயரைப் பிலாத்து கொன்ற செய்தியைச் சிலர் கொண்டுவந்தார்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் இறந்ததை அவரே சேர்த்துச் சொன்னார். செத்தவர்கள் மற்ற எல்லாரிலும் குற்றவாளிகளாயிருந்தார்கள் என்று நினைக்கிறீர்களோ என்று கேட்டு, "அப்படியல்லவென்று" திட்டமாக மறுத்தார் (லூக்கா 13). காரணம் எதுவும் சொல்லவில்லை. இறந்தவர்கள்மேல் பழி போடுவதை மட்டும் அனுமதிக்கவில்லை. நீங்கள் மனந்திரும்புங்கள் என்று பேச்சை உயிரோடிருந்தவர்கள் பக்கம் திருப்பினார்.

பிள்ளைகளையும் சொத்தையும் உடல்நலத்தையும் இழந்த யோபின் நண்பர்கள் முதல் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததிலேயே நல்லது அதுதான். பிறகு வாயைத் திறந்து தேவனுக்காக வாதாடத் தொடங்கினார்கள். முடிவில் தேவன் அவர்கள்மேல் கோபங்கொண்டு, "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்றார். தேவனைக் குற்றம்சாட்டும் அளவுக்குக் கதறிய யோபு பேசியது நிதானம். தேவனை நியாயப்படுத்தியவர்கள் பேசியது அப்படியில்லை.

அந்தப் புத்தகம் ஒரு தமிழ்நாட்டுக் கதைக்குள்ளும் வருகிறது. திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் அதிகாரியாக இருந்த நீலகண்டப் பிள்ளை குடும்ப இழப்புகளால் நொந்திருந்தார். குளச்சல் போரில் டச்சுப் படையோடு பிடிபட்டுப் பின்னர் அரசரின் படைத்தலைவரான டிலனாய் அவருக்கு யோபின் கதையைச் சொன்னார். 1745இல் நீலகண்டப் பிள்ளை வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். யோபுவைப்போல் இழந்தவை இரட்டிப்பாகத் திரும்பக் கிடைத்தன என்று அவர் கதை முடியவில்லை. சிறையும் சித்திரவதையும் வந்தன. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. அவரைத் தேற்றியது துன்பத்துக்கான விளக்கம் என்று எனக்குத் தோன்றவில்லை. துன்பத்துக்குள்ளும் தேவனோடு பேச முடியும் என்று யோபு அவருக்குக் காட்டியிருக்க வேண்டும்.

தேவனிடம் கோபப்படலாமா?

சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று 13ஆம் சங்கீதம் தொடங்குகிறது. தான் பிறந்த நாளையே சபித்தவர் எரேமியா. "நான் எதுவரைக்கும் உம்மை நோக்கிக் கூப்பிடுவேன், நீர் கேளாமலிருக்கிறீரே" என்றவர் ஆபகூக். 88ஆம் சங்கீதத்தில் கடைசிவரை விடியவே இல்லை; நண்பர்கள் விலகிப்போன இருட்டோடு அது நின்றுவிடுகிறது. அதையும் வேதத்துக்குள் வைத்திருக்கிறார்கள், ஆராதனையில் பாடுவதற்காக.

வனாந்தரத்தில் முறுமுறுத்தவர்கள் தண்டிக்கப்பட்டார்களே என்பீர்கள். அவர்கள் கூடாரங்களுக்குள் இருந்துகொண்டு தேவனைப் பற்றித் தங்களுக்குள் பேசினார்கள். எகிப்துக்குத் திரும்ப ஒரு தலைவனைத் தேடினார்கள். சங்கீதக்காரன் தேவனின் முகத்துக்கு நேராகப் பேசுகிறான். சிலுவையில் இயேசு வாய்விட்டுச் சொன்னதும் ஒரு புலம்பல் சங்கீதத்தின் முதல் வரிதான்: "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?"

புத்தாண்டு ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த வசனம் நிறைவேறவே இல்லை. தேவன் பொய் சொன்னாரா?

ஜனவரி முதல் தேதி வாக்குத்தத்த அட்டை எடுப்பது நம் சபைகளில் ஊறிய வழக்கம். அதை நான் பழிக்கவில்லை. ஒரு வசனத்தை ஓர் ஆண்டு முழுவதும் மனதில் வைத்திருப்பது நல்லதே. ஆனால் அந்த அட்டையில் வசனத்தின் முன்னும் பின்னும் இருப்பவை அச்சாவதில்லை.

மிகவும் விரும்பப்படும் எரேமியா 29:11ஐ எடுத்துக்கொள்வோம். தேவன் நம்மேல் நினைத்திருக்கிற நினைவுகள் "தீமைக்கல்ல, சமாதானத்துக்கு" உரியவை என்கிறது அது. இது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தில் உள்ள வரி. முந்தைய வசனம், எழுபது வருஷம் முடிந்தபின்பே உங்களைச் சந்திப்பேன் என்கிறது. கடிதத்தை வாசித்த பெரியவர்களில் பெரும்பாலோர் பாபிலோனிலேயே இறந்திருப்பார்கள். அதனால்தான் அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்கு மணம் முடியுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று கடிதம் சொல்கிறது.

அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று ஆலயத்தில் எல்லோர் முன்பாகவும் அறிவிக்கிறான். ஜனங்களுக்கு யார் பேச்சு இனித்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கர்த்தர் அனனியாவை அனுப்பவில்லை.

நிறைவேறாமல் போனது தேவனின் வாக்கா, அல்லது உங்களுக்கு யாரோ குறித்துக் கொடுத்த காலக்கெடுவா என்று பிரித்துப் பாருங்கள். நான் பார்த்தவரை, விசுவாசத்தை இழந்தேன் என்று வருகிறவர்களில் பலர் இழந்தது அனனியாவின் இரண்டு வருஷத்தை. அது போகட்டும். எழுபது வருஷத்தின் தேவன் போய்விடவில்லை.

ஆராதனையில் மற்றவர்கள் கண்ணீர் விடுகிறார்கள். எனக்கு எந்த உணர்வும் இல்லை. நான் நடிக்கிறேனா?

கொல்கத்தாவின் அன்னை தெரசா தம் ஆன்மிக வழிகாட்டிகளுக்கு எழுதிய கடிதங்கள், அவர் இறந்து பத்து ஆண்டுகள் கழித்து 2007இல் வெளியாயின. ஏழைகளுக்கான பணியைத் தொடங்கிய காலம் முதல், இடையில் சிறிது காலம் நீங்கலாக, ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் தேவனின் பிரசன்னத்தை உணராத இருளில் இருந்ததை அவை காட்டின. கடிதங்களை அழித்துவிடும்படி அவர் கேட்டிருந்தார். அழிக்காமல் வைத்தவர்கள் நமக்கு நன்மை செய்தார்கள். அவர் போலி என்று அப்போது சிலர் எழுதினார்கள். ஒன்றும் உணராமல் ஒவ்வொரு நாளும் விடியுமுன் எழுந்து ஜெபித்து, தெருவில் சாகக் கிடந்தவர்களைத் தூக்கிவந்த ஒருவரை நடிப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மார்ட்டின் லூத்தர் கடும் மனப்போராட்டங்களைக் கடந்தவர். பாவமும் மனச்சாட்சியும் நெருக்கும்போது "ஆனாலும் நான் ஞானஸ்நானம் பெற்றவன்" என்று சொல்லச் சொன்னார். நம் உணர்வைச் சாராத ஒன்று, நமக்கு வெளியே நடந்து முடிந்த ஒன்று. திருவிருந்தும் அப்படியே. அப்பம் கையில் வைக்கப்படும்போது உங்கள் மனநிலையை யாரும் விசாரிப்பதில்லை. வாங்கிச் சாப்பிடுங்கள்.

மனப்பதற்றத்துக்கு மருத்துவர் மாத்திரை கொடுத்திருக்கிறார். சாப்பிட்டால் அவிசுவாசமா?

இல்லை. மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவும் வேண்டாம்.

எலியா சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்றபோது தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. தூங்கவிட்டான்; எழுப்பிச் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான்; மறுபடியும் தூங்கவிட்டான். தேவன் அவரிடம் பேசியது அதற்கெல்லாம் பிறகு. லண்டனில் 1856 அக்டோபர் 19 அன்று, பிரபல பிரசங்கியார் ஸ்பர்ஜன் பிரசங்கித்த அரங்கில் 'தீ' என்று யாரோ பொய்யாகக் கத்தியதில் நெரிசல் ஏற்பட்டு ஏழு பேர் இறந்தார்கள். அவருக்கு அப்போது 22 வயது. அந்தப் பயமும் மனச்சோர்வும் வாழ்நாள் முழுவதும் அவரை விடவில்லை. அதைத் தம் மாணவர்களிடம் மறைக்காமல் பேசினார்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் ஜெபக்குறிப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். இந்தியாவில் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416, இலங்கையில் 1926. உடனே பேசுங்கள், வீட்டில் ஒருவரையாவது எழுப்பிச் சொல்லுங்கள்.

தேவனைத் தூஷிக்கும் எண்ணங்கள் என்னையறியாமல் மனதில் ஓடுகின்றன. மன்னிக்கப்படாத பாவம் செய்துவிட்டேனா?

மாற்கு 3ஆம் அதிகாரத்தில் அந்த எச்சரிக்கையைக் கேட்டவர்கள் வேதபாரகர். கண்ணெதிரே பிசாசு துரத்தப்பட்டதைப் பார்த்தும், இது பிசாசுகளின் தலைவனாகிய பெயெல்செபூலின் வேலை என்று மனதாரச் சொன்னவர்கள். அவர்களுக்குத் தூக்கம் கெடவில்லை. நீங்கள் இதை நினைத்து நடுங்குவதே, உங்கள் இருதயம் அவர்கள் இருதயம்போல் இல்லை என்பதற்கு அடையாளம்.

மோட்சப் பிரயாணத்தை எழுதிய ஜான் பனியன், "அவரை விற்றுவிடு" என்ற எண்ணம் இரவும் பகலும் தம்மைத் துளைத்ததைத் தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். தமக்கு இனி மன்னிப்பே கிடையாது என்று நெடுங்காலம் நம்பினார். இப்படி விரும்பாத எண்ணங்கள் திரும்பத் திரும்ப வருவதும், அவற்றுக்காக ஓயாமல் மன்னிப்புக் கேட்பதும் ஓ.சி.டி. என்ற நோயாகவும் இருக்கலாம். அதற்குச் சிகிச்சை இருக்கிறது. போதகரிடம் சொல்லுங்கள், மனநல மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

ஜெபிக்கவே முடியவில்லை. என்ன செய்வது?

நீளமாக ஜெபிக்க முயல வேண்டாம். "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" (சங்கீதம் 56:3). இவ்வளவு போதும். தாவீதைப் பெலிஸ்தர் காத் ஊரில் பிடித்தபோது பாடிய சங்கீதம் என்கிறது தலைப்பு. பயம் போன பிறகு நம்புவேன் என்று அவர் சொல்லவில்லை.

அதுவும் வரவில்லை என்றால் மற்றவர்கள் எழுதிவைத்த ஜெபங்களைக் கடன் வாங்குங்கள்: கர்த்தருடைய ஜெபம், சங்கீதம், பாமாலை. மற்றவர்கள் உங்களுக்காக ஜெபிக்கட்டும். பேதுரு மறுதலிக்கப்போகிறார் என்று தெரிந்தே இயேசு, "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு நான் உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்றார். அவர் வேண்டிக்கொள்வதை இன்னும் நிறுத்தவில்லை.

என் மகன் கேள்வி கேட்டுக் கேட்டு, இப்போது ஆலயத்துக்கே வர மறுக்கிறான். என்ன செய்யட்டும்?

தோமாவைப் பத்துப் பேரும் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். "கர்த்தரைக் கண்டோம்" என்று அவர்கள் சொன்னதை அவர் நம்பவில்லை. காயத்தில் விரலை இட்டாலொழிய நம்பமாட்டேன் என்றார். எட்டு நாளைக்குப் பின்பு அவர்கள் கூடியிருந்தபோது "தோமாவும் அவர்களுடனேகூட இருந்தான்" என்கிறது யோவான் 20:26. அந்த எட்டு நாளும் அவரை யாரும் விரட்டவில்லை; அவரும் போய்விடவில்லை. அப்படி நம்ப மறுத்தவர்தான் நம் கரைக்கு வந்து பரங்கிமலையில் உயிர்விட்டார் என்பது மரபு.

அவன் கேட்கிற கேள்வியை முழுவதும் கேளுங்கள். உங்களுக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். பெரோயா ஊரார் பவுல் சொன்னதையே வேதவாக்கியங்களில் ஆராய்ந்து பார்த்து நற்குணசாலிகள் என்று பேர் வாங்கினார்கள். கேள்வி கேட்பது குடும்பத்துக்கு அவமானம் என்று அவனிடம் சொல்லிவிடாதீர்கள். அத்தை, சித்தப்பா, போதகர் என்று ஆள் சேர்த்து உபதேசம் செய்ய வைக்காதீர்கள். உங்கள் ஜெபத்தை அவன் காதில் விழும்படி சத்தமாகச் செய்து குத்திக்காட்டாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆலயம் முடிந்து வந்ததும் வழக்கம்போல் அவனோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். அவன் வாரம் எப்படிப் போயிற்று என்று கேளுங்கள்.